கடலுக்கு வாட்ச்மேன்

வீட்டில் மெரைன் டேங்க் என்னும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவரைக் கல்யாணக் கூட்டத்தில்கூடச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். வலது சட்டைக்கை முழங்கை வரை ஈரமாக இருக்கும். இல்லாவிட்டால் காய்ந்து உப்புப் பூத்திருக்கும். பிள்ளைகளின் போட்டோவைக் காட்டுங்கள் என்று கேட்டால் செல்போனில் நூறு படம் தள்ளிய பிறகுதான் ஒரு பிள்ளை அகப்படும். மற்ற அத்தனையும் நீல வெளிச்சத்தில் ஏதோ ஒன்று விரிந்து நிற்கும் படங்கள். "இது போன மாசம் எடுத்தது, இது இந்த மாசம். வித்தியாசம் தெரியுதா சார்?" என்பார். தெரியாது. தெரிகிறது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது படத்தையும் காட்டுவார்.

தங்கமீன் வளர்ப்பவரோடு இவரைச் சேர்த்துப் பேசிவிடக் கூடாது, மனசு புண்படும். மீன் வாங்க இரண்டு பேரும் கொளத்தூருக்குத்தான் போகிறார்கள். தங்கமீன்காரர் பிளாஸ்டிக் பையும் கையுமாக அரை மணியில் திரும்பிவிடுவார். இவரோ கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, மீன் ஓடிவந்து சாப்பிடுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, துடுப்பில் வெண்புள்ளி உண்டா என்று பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வரேன், அதுவரைக்கும் இருக்கான்னு பார்ப்போம்" என்று வெறுங்கையோடு வருவார். பெண் பார்க்க வந்தபோது இதில் பாதி விசாரணைகூட நடக்கவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

குடியிருப்பது திருவான்மியூரில். மொட்டை மாடியில் நின்றால் வங்காள விரிகுடா தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு வீட்டுக்குள் வராது. ஊரிலிருந்து வந்த மாமனார் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா ஆகாதா?"

"அது கரையோரத் தண்ணி மாமா. சேறு, சாக்கடை, கிருமி எல்லாம் கலந்திருக்கும்."

ஆகவே மாப்பிள்ளை என்ன செய்வாரென்றால், குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. மெஷினில் ஓட்டி, போதாதென்று ரெசின் வடிகட்டியிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை அதிலுள்ள உப்பையெல்லாம் எடுப்பார். எடுத்து முடித்ததும், லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைப் போடுவார். மாமனார் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் கொள்ளும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் மாதம் ஆறேழு கிலோ உப்பு செலவாகும். பிரஷருக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன மனிதர் இருபது கிலோ வாளியாக உப்பு வாங்குவதைக் கூரியர் பையன் என்னவென்று நினைப்பானோ! அதுவும் சமையல் உப்பில்லை. கால்சியம், மெக்னீசியம் என்று கடல்நீரில் உள்ளதெல்லாம் கணக்காகச் சேர்த்து, கடல் தாண்டி வரும் உப்பு.

புதுத் தொட்டியைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவார்கள். உள்ளே தண்ணீர் இருக்கும், கல் இருக்கும், வேவ்மேக்கர் அலை அடிக்கும். மீன் மட்டும் இருக்காது. "மீன் எங்கே சார்?" என்றால், "இப்ப பாக்டீரியாதான் வளர்க்கிறேன்" என்பார், பெருமையாக. உண்மைதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதன் கொடுமை குறைவு. இந்த இரண்டு கூட்டமும் கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஹாலில் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன்பின் கல் முழுக்கப் பழுப்பாக டயாட்டம் என்ற நுண்பாசி படரும், பிறகு பச்சைப்பாசி முடியாக முளைக்கும். பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே "தொட்டி விற்பனைக்கு" என்று போட்டுவிடுகிறார்கள். தாண்டியவரே நம் ஆள்.

மின்கட்டணம் என்பது அந்த வீட்டில் குரல் தாழ்த்திப் பேசும் சங்கதி. வெறும் நூறு வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அரசாங்கம் தரும் 100 யூனிட் இலவசம் அதற்கே பற்றாது. விளக்கு தனி, அழுக்கெடுக்கும் ஸ்கிம்மர் தனி. பவளத்துக்கு 25, 26 டிகிரி வேண்டும். சென்னை சித்திரையில் அதைக் கொடுக்கச் சில்லர் வேண்டும். ஹாலில் மனிதர்கள் ஃபேனுக்கடியில் வியர்த்துக்கொண்டிருக்க, தொட்டிக்குள் ஊட்டி. "அடுத்த ஜென்மத்துல இவர் டேங்க்ல ஒரு கல்லாப் பொறக்கணும்" என்று அம்மையார் ஒருநாள் வேண்டிக்கொண்டதாகக் கேள்வி.

இவர் நல்லவர் என்பதற்குச் சட்டமே சாட்சி. வெளிநாட்டுத் தொட்டிகளில் கொம்பு கொம்பாக நிற்கும் கல் பவளங்கள் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. கடல் விசிறியும் கடல் குதிரையும் அப்படியே. "உள்ளே ஒரு பீஸ் இருக்கு சார், உங்களுக்காக எடுத்து வச்சேன்" என்று யாராவது கிசுகிசுத்தால், நம்மவர் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தொடங்கி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துவிடுவார். கிசுகிசுத்தவர் அந்தப் பீஸை இலவசமாகக் கொடுத்தாவது தப்பிக்கப் பார்ப்பார். ஆகவே இவர் தொட்டியில் இருப்பவை மென்பவளங்கள். அவற்றுக்கு ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும். ஆனாலும் கால்சியம் 420 இருக்கிறதா, காரத்தன்மை எட்டா எட்டரையா என்று சோதனைக் குழாயில் சொட்டு எண்ணாமல் தூக்கம் வராது. மகளின் கணக்கு மார்க்கைக் கேளுங்கள். "நல்லாத்தான் படிக்கிறா" என்பார். நைட்ரேட்டைக் கேளுங்கள், தசம ஸ்தானத்தோடு வரும்.

ஸ்கிம்மர் என்ற கருவி தண்ணீரில் நுரை கிளப்பி அழுக்கைப் பிரித்து ஒரு கோப்பையில் தள்ளும். பழுப்பு நிறம், வாடையைச் சொல்ல வேண்டாம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது இவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இன்னிக்கு நல்லா எடுத்திருக்கு" என்று பூரிப்பார். பாசி பிடித்த கல்லைப் பார்த்த மாமனார், "எடுத்து வெந்நீர்ல போட்டு ஒரு கொதி விடு" என்று யோசனை சொன்னபோதுதான் மாப்பிள்ளை முதன்முதலாகக் குரல் உயர்த்தினார். சோவான்தஸ் என்ற மென்பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

கோமாளி மீன் விஷயத்தில் மாமனாரின் குழப்பம் வேறு. இந்த மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி ஆட்சி செய்யும். அது போய்விட்டால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும். 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படக்கதை நிஜமாக நடந்திருந்தால், மகனைத் தேடிப்போன அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்ட பெரியவர், "எப்படியோ, வீட்டுக்கு வீடு ஆட்சி ஒண்ணுதான்" என்று முடித்தார். மாமியார் அடுக்களையில் இருந்தார்.

நல்ல பராமரிப்பில் இந்த மீன் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். எல்.கே.ஜி. மகன் கேட்டான் என்று வாங்கிய மீன், மகன் வேலைக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்த பிறகும் அதே மூலையில் நிற்கும். அதனால் நம்மவர் எங்கும் தங்க மாட்டார். முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் பாதியில் எழுந்துவிடுவார். தவிர்க்க முடியாமல் ஊருக்குப் போனால் மைத்துனருக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதிவைப்பார். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல. ஆகவே உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்று. தீனி ஒரு சிட்டிகை. மீன் பசியோடு பார்க்கும், நம்பாதே. மைத்துனர் இளகிய மனசுக்காரர், நம்பிவிடுவார். மிஞ்சிய தீனி அழுகி, அமோனியா ஏறி, இவர் திருப்பதியிலிருந்து பாதி தரிசனத்தில் திரும்ப வேண்டிவரும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஓடாவிட்டால் ஆக்சிஜன் குறையும். ஊரார் செல்போன் சார்ஜுக்கு அலைந்தார்கள்; தொட்டிக்காரர்கள் பேட்டரி ஏர் பம்புக்கு அலைந்தார்கள். அது கிடைக்காதவர்கள் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள்.

உண்மையான சோதனை புயலில் இல்லை, ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது. எல்லாம் நன்றாக ஓடும். "நமக்குத் தெரியாததா" என்ற நினைப்பு வரும். தண்ணீர் மாற்றுவது பதினைந்து நாளாகும், பிறகு மாதமாகும். மணலிலும் கல்லிலும் வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கும் பாஸ்பேட்டும் ஒருநாள் கணக்குத் தீர்க்க வரும். பாசி திரும்ப வரும். உடனே ஒருவர் புது மருந்து வாங்குவார், புது விளக்கு மாட்டுவார், கல்லையெல்லாம் இடம் மாற்றுவார், மொத்தத்தையும் கொன்றுவிட்டு கம்பெனியைத் திட்டுவார். இன்னொருவர் எதுவும் வாங்காமல், மோட்டாரை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து, பழையபடி வாரா வாரம் வாளி தூக்க ஆரம்பிப்பார். மூன்று மாதம் கழித்து எல்லாம் சரியாகியிருக்கும். எப்படி என்று கேட்டால் சுவாரஸ்யமாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது.

நிலக்கரியில் பிறந்த கரண்டில் சில்லரை ஓட்டிக்கொண்டே, கடல் சூடாவதைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறாரே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிக்க நியாயம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுப்பதாக 2024ல் நான்காவது முறையாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தவர் அந்தத் தெருவிலேயே இவர் ஒருவர்தான். ஒரு டிகிரி ஏறினால் என்ன ஆகும் என்று வீட்டு ஹாலிலேயே பார்த்தவர் அவர்.

உங்களுக்கும் இந்த ஆசை வந்தால், தொட்டி வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீரை வாளியில் பிடித்து ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடங்கள். ஒரு வருஷம், ஒரு வாரமும் தவறாமல். சலிக்காமல் செய்துவிட்டால் தாராளமாகத் தொட்டி வாங்குங்கள். சலித்துவிட்டால், மெரினாவுக்கு பஸ் இருக்கிறது; அந்தக் கடலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.