பெட்டி எங்கே ஐயா?

அரசாங்கத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று எவன் சொன்னான்? அகில இந்திய வானொலி 2009-ல் தில்லி காம்பூரில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையில் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு சென்னை உட்பட நாடெங்கும் சுமார் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் டிஜிட்டல் ஆயின. இத்தனை கிலோவாட்டில் கத்தியும் ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்களே, அது சாமானியத் திறமையா!

இன்ஜினியர்களை நான் குறை சொல்லமாட்டேன். டவர் அடியில் ஒரு சின்ன அறை; உள்ளே செப்புக் குழாயைச் சுருட்டிய காயில்கள், பீங்கான் தாங்கிகள், ஒரு பல்லி. பழைய ஒலிபரப்புக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடம் போதும். அனலாக்கையும் டிஜிட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் அனுப்ப 18 வேண்டும். அந்த அகலம் முழுக்க டவர் ஒரே சீராக வேலை செய்யாவிட்டால் டிஜிட்டல் சிதைந்துபோகும். காயில் இணைப்பை விரற்கடை நகர்த்தி, அளந்து, மறுபடி நகர்த்தி மனிதர்கள் வியர்த்தார்கள். மண்ணுக்கடியில் பரப்பிய செப்புக் கம்பிகளை உப்பும் திருடனும் விட்டுவைத்தார்களா என்பது தனி விசாரணை.

சிக்னல் மெலிந்தால் பழைய ரேடியோப் பெட்டி கரகரத்தாவது செய்தி சொல்லும். டிஜிட்டல் அப்படியில்லை, ஒரு வரம்புக்குக் கீழே போனால் வாயே திறக்காது. மலிவு சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் வீடெல்லாம் இரைச்சல் கிளப்பும் காலத்தில் அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். சில நிலையங்கள் தினமும் ஒரு மணி நேரம் அனலாக்கை நிறுத்தி முழு டிஜிட்டல் விருந்து வைத்தன. பழைய பெட்டிக்காரருக்கு இலையில் விழுந்தது வெறும் ‘உஸ்’.

சரி, பெட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போங்கள்.

“டிஆர்எம் ரேடியோ இருக்காண்ணே?”

“மெமரி கார்டு போடற மாடலா தம்பி?”

கடைக்காரர் மேல் தப்பில்லை. அந்தப் பெட்டி இருப்பது காரில். மாருதி, ஹூண்டாய், மகிந்திரா என்று பல லட்சம் கார்களில் டிஆர்எம் உண்டு. ஆகவே, வேளாண் நிகழ்ச்சி கேட்க ஆசைப்படும் விவசாயி முதலில் ஒரு கார் வாங்கவேண்டும். மீனவர் அதைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம். தூங்கும் பெட்டியைத் தட்டியெழுப்பிப் புயல் எச்சரிக்கை சொல்லும் வசதிகூட டிஆர்எம்மில் இருக்கிறது. எழுப்புவதற்கு ஒரு பெட்டி வேண்டாமா?

ஒலிபரப்பு நிலைக்கட்டும், செய்கிறோம் என்கிறார் பெட்டி தயாரிப்பவர். பெட்டி பெருகட்டும், பார்க்கலாம் என்கிறது அரசு. 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டிஜிட்டல் வானொலிக்குப் பரிந்துரை எழுதியது. பரிந்துரை எழுதுவதில் நமக்கு இணை ஏது?

இதற்கிடையே பல ஊர்களில் மத்திய அலையையே மூடிவிட்டார்கள். காரணம், கேட்பதற்கு ஆள் இல்லையாம். ஆள் இருந்தது ஐயா, உங்கள் டிஜிட்டலைக் கேட்கக் கையில் பெட்டிதான் இல்லை. டிரான்ஸ்மிட்டருக்கு டெண்டர் விட்ட அன்று, கூலிக்காரரும் வாங்கும் விலையில் ஒரு பெட்டி வரவைக்க யாரிடம் பேசினீர்கள்? அந்தக் கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள்.