தையல் படிக்கப் போறீராமே மருமவனே!

வாரும் மருமவனே, உக்காரும். 57 வயசுல தையல் படிக்கப் போறீராமே! தாராவி நைன்டி ஃபீட் ரோடு பூரா அதான் பேச்சு. பையும் கையுமா நீர் போற அழகைப் பாக்கணும்னு வாசல்ல நாக்காலி போடச் சொல்லிட்டேன்.

கோவப்படாதேயும். நீர் தச்சுக்கிட்டிருந்த பட்டறையை சேட்டு மூடி மிஷினைப் பிவண்டிக்கு ஏத்திட்டாரு, நீர் என்ன செய்வீர்? பி.எஃப்., கிராஜுவிட்டி குடுத்து மாலை போட்டு அனுப்ப நீர் என்ன செம்பூர் ஆபீஸ்காரரா? உமக்குக் கண்ணு மங்குத அன்னைக்குத்தான் ரிட்டயர்மென்டு.

நம்ம சர்க்காருக்குத் தேதியும் வயசும்னா உசுரு. தாராவியில 350 சதுரடி வீடு சும்மா வேணும்னா 2000 ஜனவரி 1-க்கு முந்தியே தரைத்தளத்துல இருந்திருக்கணும். கூலிக்காரனுக்கு 60-க்கு மேல மாசம் 3,000 பென்சன்னு 2019-ல வந்துச்சே, அதுல சேர 18-லேந்து 40. கவுசல் விகாஸ் திட்டத்துல புதுசா தொழில் படிக்க 15-லேந்து 45. சரி, முதியோர் பென்சனாவது கேப்போம்னு போனா, உமக்கு இன்னும் வயசாகலையேம்பான்! வேலைக்குக் கிழவன், பென்சனுக்கு வாலிபன்.

நீர் சேரப் போற இந்த விஸ்வகர்மா திட்டம் ஒண்ணுதான், 2023 செப்டம்பர்ல வந்தது, மேல் வயசு கேக்கல. 18 தொழில்ல தையலும் உண்டு. ஆனா சொந்தமாத் தொழில் பண்ணுதவனுக்குத்தான், குடும்பத்துக்கு ஒருத்தர். சேட்டு வெரட்டினதுல இந்த ஒரு லாபம், பாத்தீரா!

அஞ்சாறு நாள் பயிற்சி, நாளுக்கு 500 ரூபா. மீசை அரும்பாத பய ஒருத்தன் உமக்குக் காஜா எடுக்கச் சொல்லித் தருவான். ‘அப்படியா தம்பி’ன்னு கேட்டுக்கிடும். நூல் அறுந்து அவன் முழிக்கும்போது மட்டும் லேசா இருமும், போதும். சாமான் வாங்க 15,000-க்கு வவுச்சர், 5 சதவீத வட்டியில மொதக் கடன் ஒரு லட்சம் வரைக்கும். லட்சத்தைக் கண்டதும் மவனுக்கு பைக் எடுத்துக் குடுத்திராதேயும்.

உம்ம மச்சான் வாட்ச்மேன் வேலைக்கு வரச் சொல்லுதானாமே? எட்டு மணிக்கே கொறட்டை விடுத ஆளு நீர். திருட வந்தவன்தான் உம்மைப் போத்தி விட்டுட்டுப் போவான்.

தைக்க உமக்கு எவனும் கத்துத்தர வேண்டாம்வே. வெல சொல்லப் படியும், அதுதான் உமக்குத் தெரியாது. பீஸுக்கு இவ்வளவுன்னு சனிக்கிழமை எண்ணி வாங்கினதோட சரி. நீர் தச்ச சட்டை கடையில என்ன வெலைக்குப் போச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீரா? நாளைக்கு மாட்டுங்காவுலேந்து ஒரு மாமி வந்து, ‘பிளவுஸுக்கா இவ்வளவு?’ன்னு கேட்டா, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு பாதியாக் கொறைப்பீர். உம்மைத் தெரியாதா எனக்கு? லைனிங், ஹூக்கு, நூலு, கரண்டு, உம்ம முதுகுவலி, அம்புட்டையும் எழுதிக் கூட்டும். கூட்டினதைச் சொல்லிட்டு ஊசியைப் பாத்துக்கிட்டே இரும், மாமி மொகத்தைப் பாக்காதேயும். கியூஆர் அட்டை ஒண்ணும் ஒட்டி வையும். ஃபோன்ல வார ஒவ்வொரு வரவுக்கும் சர்க்காரு ஒரு ரூபா தாராவ, மாசம் நூறு வரைக்கும். உம்ம வெத்தலைச் செலவுக்கு ஆச்சு.

ஆங், மறந்துட்டேன். எம் பேத்தி கல்யாணத்துக்கு எனக்கு ரெண்டு சட்டை தைக்கணும், துணி உள்ள இருக்கு. எனக்குப் பழைய ரேட்டுதான், இப்பவே சொல்லிட்டேன்.