அரசருக்கு ஒரு பிரதி, கம்பனிக்கு ஒரு பிரதி

வெட்டி ஒட்டிய வீடியோவைக் காட்டிப் படை நடத்துவது ஏதோ நம் காலத்துக் கெட்டித்தனம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். கமரா பிறக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மட்டக்களப்பில் அந்த வேலை முடிந்துவிட்டது. வெட்டியது ஒரு சின்ன நிபந்தனை. அதை வைத்துச் சுருட்டியது கோட்டை கோட்டையாக.

1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயரைத் துவைத்துக் காயப்போட்ட கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கனுக்கு ஒரே குறை, கப்பல் இல்லை. அதற்காக முன்கூட்டியே பழவேற்காட்டு ஒல்லாந்தக் கம்பனிக்குக் கடிதம் போட்டிருந்தார். வந்தார் தளபதி வெஸ்டர்வோல்ட். மட்டக்களப்பு வாவி நடுவே புளியந்தீவில், கட்டிப் பத்து வருடமே ஆன போர்த்துக்கேயக் கோட்டையைப் பீரங்கியால் தட்டினார். மே 18 இல் கதவு திறந்தது. 23 இல் ஒப்பந்தம். போர்த்துக்கேயரைத் துரத்தும் அந்த ஒப்பந்தத்தின் அரசர் பிரதி எந்த மொழியில்? போர்த்துக்கேய மொழியில்தான். இரு தரப்புக்கும் பொதுவாகத் தெரிந்தது எதிரியின் பாஷை!

மாயம் மூன்றாம் பிரிவில். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் நிற்கலாம், அரசருக்கு விருப்பமிருந்தால். அரசரின் பிரதியில் இது இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் அரசரின் விருப்பம் மட்டும் மாயமாகிவிட்டது. எழுத்தரின் கை தவறியதாகவே வைத்துக்கொள்வோம். தவறிய கை கம்பனிப் பக்கமே விழுந்ததுதான் விசேஷம்.

1640 இல் நீர்கொழும்பும் காலியும் விழுந்தன. சாவி எங்கே என்றார் அரசர். கம்பனி தன் தாளை நீட்டியது. கூடவே போர்ச்செலவுக் கணக்கையும். கறுவாவும் மிளகுமாக அரசரே தீர்க்க வேண்டுமாம். 1656 இல் கொழும்பு விழுந்தபோது அரசருக்கே கதவு சாத்தப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தத் தில்லுமுல்லைப் பிடிக்க மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் போதும். இன்றைய போர் வீடியோவுக்கும் அதே வைத்தியம்தான்: துண்டு வந்தால் முழுசு எங்கே என்று கேள், முதலில் ஏற்றியது யார், எப்போது, எந்த ஊரில் எடுத்தது என்று தேடு, வெட்டுப்பட்ட நொடியால் யாருக்கு இலாபம் என்று பார். 2007 இல் அதே மட்டக்களப்பின் படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குப் பயந்து பாய் படுக்கையோடு ஓடிய நாட்களில், அரசின் பிரதியில் அது மனிதாபிமான நடவடிக்கை. ஓடியவர்களுக்குத்தான் அந்தப் பிரதி கிடைக்கவில்லை.

பின்னாளில் அதே புளியந்தீவுக் கோட்டைக்குள் அரச அலுவலகமான கச்சேரி குடியேறியது. மூலப்பிரதி எங்கே, போட்டோகொப்பி எங்கே என்று கேட்கும் ஒரேயொரு கிளார்க் 1638 மே மாதம் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். வெஸ்டர்வோல்ட் துரையும் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு கப்பலுக்குத் திரும்பியிருப்பார்.