பன்றி படியேறிய கதை

1960களின் சிங்கப்பூர். புத்தம் புதிய அடுக்குமாடிக் கட்டடம். சுவரில் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர், விசையைத் தட்டினால் வெளிச்சம். கட்டியவர்கள் கீழே நின்று, மக்கள் வந்து வாயைப் பிளக்கப்போகும் நிமிடத்துக்காகக் காத்திருந்தார்கள். மக்கள் வந்தார்கள். கூடவே பன்றியும் வந்தது.

இது என் கற்பனையில்லை. சாட்சி சொல்பவர் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ. கிராமப்புறத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவரப்பட்ட பண்ணைக்காரர்கள் சிலர், தங்கள் பன்றிகளைத் தாஜா செய்து மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பன்றித் தரப்பு நியாயத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. வரைபடத்தில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் இருந்தன. பன்றிக்கு மட்டும் அறை போடவில்லை. விண்ணப்பத்தில் வீட்டில் எத்தனை தலை என்று கேட்டவர்கள், எத்தனை கால் என்றும் கேட்டிருக்கலாம்.

வீட்டை வரைகிறவர் ஒரு மாதிரியும் அதில் குடியிருப்பவர் வேறு மாதிரியும் நினைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகளாக நடத்திவரும் குடும்பச் சண்டைதான் சிங்கப்பூரின் வீட்டு வரலாறு. முதல் ரவுண்டு ராஃபிள்ஸ் துரையுடையது.

1819-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்திறங்கிய ராஃபிள்ஸ், 1822-இல் நகரத்துக்குத் திட்டம் போட்டார். சீனர் இங்கே, புகிஸ்காரர் அங்கே, சூலியா எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் ஆற்றோரம் கொஞ்சம் தள்ளி என்று கல்யாணப் பந்தியில் இலை போடுவதைப்போல ஊரைப் பிரித்தார். கூடவே இன்னொரு கட்டளை: வீடுகளுக்கு முன்னால் எல்லாரும் வெயில், மழை படாமல் நடந்துபோகத் தொடர்ச்சியான கூரையோடு நடை விட வேண்டும். அதுதான் பிற்பாடு ஐந்தடி நடை ஆயிற்று. நம்மவர்கள் வாயில் அது அஞ்சடி.

அஞ்சடி நடப்பதற்கு. சரி. ஆனால் நாவிதர் அங்கேதான் நாற்காலி போட்டார். கடிதம் எழுதிக்கொடுப்பவர் மேசை போட்டார். ஜோசியர் உட்கார்ந்தார். இரவானால் காவல்காரர் கயிற்றுக் கட்டிலை விரித்துக் குறட்டை விட்டார். நடக்கிறவர்தான் சாலையில் இறங்கி நடந்தார்.

கீழே கடை, மேலே வீடு. இதற்குக் கடைவீடு என்று பெயர். இன்றைக்கு வெளிநாட்டில் படித்த கட்டடக் கலைஞர்கள் வேலை, வீடு, வியாபாரம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது பற்றிப் படம் போட்டு விளக்குகிறார்களே, அதை அன்றைய மளிகைக் கடைக்காரர் படமில்லாமலே செய்துகொண்டிருந்தார். மாடிப்படி இறங்கினால் அலுவலகம். ஏறினால் வீடு.

சிக்கல் என்னவென்றால், ஊர் பெருத்தது, வீடு பெருக்கவில்லை. மாடியைப் பலகையால் தடுத்து, தடுத்ததை மறுபடி தடுத்து, சன்னலே இல்லாத பொந்துகளில் குடும்பம் குடும்பமாக அடைந்தார்கள். பிற்பாடு வீடு கட்டும் பொறுப்பேற்ற லிம் கிம் சான் அப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போனார். ஓர் இளைஞன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான், எழுந்திருக்கவில்லை. என்னவென்று கேட்டால், அவனிடம் காற்சட்டை இல்லை. இருந்த ஒன்றை மாட்டிக்கொண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவன் வெளியே போயிருந்தான். ஒரே காற்சட்டையை முறைபோட்டு உடுத்துகிற வீட்டுக்கு எத்தனை சதுர அடி வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் கணக்கில்லை.

வெள்ளைக்காரர் சும்மா இருக்கவில்லை. 1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது 32 ஆண்டுகள் பாடுபட்டு ஏறத்தாழ 23,000 வீடுகளைக் கட்டியது. 1936-இல் தியோங் பாருவில் எழுந்த அழகான மாடிகள் அதன் பெருமை. ஏழைத் தொழிலாளிக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. பணக்காரச் சீன முதலாளிகளுக்குக் கட்டுப்படியானது. தங்கள் சின்ன வீடுகளைக் குடிவைக்க அவர்களுக்கு அந்தப் பேட்டை மிகவும் தோதாக இருந்தது என்று ஊர் பேசியது. திட்டம் போட்டவர்கள் ‘சின்ன வீடு’ என்று சொன்னதன் பொருள் வேறாக இருந்திருக்கலாம்.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. சுருக்கமாக வீவக. தலைவர், மேலே சொன்ன லிம் கிம் சான். அவர் கட்டடக் கலைஞரல்லர், வணிகர். ஜவ்வரிசி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிப் பணம் பார்த்தவர். ஜவ்வரிசிக்கு அலங்காரம் கிடையாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை, மலிவு விலை, மளமளவென்று கொட்ட வேண்டும். வீட்டையும் அப்படியே கொட்டினார். முதல் ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். முந்தையவர்கள் 32 ஆண்டில் கட்டியதைப்போல இரண்டு மடங்கு.

1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயின் அத்தாப்பு ஓலைக் குடிசைகளில் தீ பிடித்தது. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். இந்த இடத்தில் கேலி எடுபடாது. அடுத்த ஓராண்டுக்குள் அவர்களுக்குக் கூரை கிடைத்தது என்பதோடு நகர்ந்துவிடுகிறேன். மாடி வீடா, வேண்டாம் என்று முரண்டு பிடித்த பலரை அந்த வேகம்தான் ஓரளவு இளக்கியது.

இளகி வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? லீ குவான் யூ மேலும் சொல்கிறார். ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டு அடுக்குமாடியில் 12 பிள்ளைகளோடு ஒரு குடும்பம். சமையலறையில் ஒரு டஜன் கோழியும் வாத்தும். அவை கூடத்துக்கு வந்து விருந்தாளியோடு உட்காராமலிருக்க, அம்மா மரத்தில் ஒரு தடுப்புக் கதவு செய்து மாட்டினார். சாயங்காலம் பிள்ளைகள் கீழே இறங்கிப் புல்வெளியில் மண்புழுவும் பூச்சியும் தேடினார்கள், மேலே பசியோடு இருந்த வாத்துகளுக்காக. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து ஆண்டுகள். கழகம் கொடுத்தது வீடு. அந்த அம்மா அதைப் பண்ணைவீடாக்கினார்.

மின்விளக்கு இருந்தும் சிலர் மண்ணெண்ணெய் விளக்கையே ஏற்றினார்கள். மின்தூக்கி இருந்தும் படியேறியே போனார்கள். ஒரு பெட்டிக்குள் ஆளை நிறுத்திக் கதவைச் சாத்தி மேலே இழுக்கிறார்கள் என்றால், எந்தப் பாட்டிதான் நம்பி ஏறுவாள்? தரைத்தள வீட்டுக்காரர்கள் வரவேற்பறையில் சிகரெட்டும் மிட்டாயும் விற்றார்கள். ராஃபிள்ஸ் காலத்துக் கடைவீடு, கேட்காமல் கொள்ளாமல் மறுபடி முளைத்துவிட்டது.

இதற்குள் கழகத்துக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. வீடு மட்டும் கொடுத்தால் ஆகாது. தோ பாயோ என்ற புதுநகரைத் திட்டமிட்டபோது வீட்டுக்குப் பக்கத்திலேயே சந்தை, கடை, பள்ளி, சினிமா, தொழிற்சாலை என்று எல்லாவற்றையும் நடக்கும் தூரத்தில் வைத்தார்கள். 1972-இல் எலிசபெத் மகாராணியே வந்து 53-ஆம் புளோக்கின் உச்சியிலிருந்து எட்டிப்பார்த்தார். உச்சியிலிருந்து பார்த்தால் எந்த ஊரும் வரைபடம் மாதிரியே ஒழுங்காகத் தெரியும்.

ஆனால் கழகத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு அந்த உச்சியிலில்லை, புளோக்கின் காலடியில் இருந்தது. 1970 வாக்கில் தரைத்தளத்தில் வீடு வைப்பதை நிறுத்தி, தூண்களை மட்டும் நிறுத்தி, மீதியைச் சும்மா விட ஆரம்பித்தார்கள். வெற்றுத்தளம். ஊரெல்லாம் சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தவர்கள், எதற்கென்று சொல்லாமல் விட்ட ஒரே இடம்.

அவ்வளவுதான், மக்கள் புகுந்து விளையாடிவிட்டார்கள். சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், தாளம் முழங்க. அதே இடத்தில் வேறொரு வாரம் சீனர் வீட்டு இழவு, இரவெல்லாம் ஊதுபத்தி. இரண்டும் அடுத்தடுத்த புளோக்கில் ஒரே நாளில் அமைவதும் உண்டு. மொய் கவரோடு போகிறவர் பந்தலைச் சரியாகப் பார்த்து நுழைய வேண்டும். தாத்தாக்கள் சதுரங்க மேசையில் காலை பத்து மணிக்குப் போரைத் தொடங்கினார்கள். பையன்கள் தூண்களைக் கோல் கம்பமாக்கினார்கள். பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டப்பட்டது; அந்தப் பலகையில் பந்தை அடிப்பது தனி ஆட்டமானது.

மூலையில் ஒரு சின்னக் கடை. மிட்டாய், ரொட்டி, பேட்டரி, செய்தித்தாள், தொங்கும் பிளாஸ்டிக் பொம்மை. பெரும்பாலும் நம்மூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அவரை மாமா என்றே கூப்பிட்டதால் அது மாமா கடை ஆயிற்று. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருப்பதைப் பற்றி மேடையில் பெருமைப்படுகிறோம். மாமா என்ற ஒரு சொல் எந்தச் சட்டமும் இல்லாமல் எல்லா இனத்துப் பிள்ளைகளின் வாயிலும் புழங்கியது.

சும்மா விட்ட இடம் நன்றாக நடந்தது. கவனமாக யோசித்த இடம்தான் காலை வாரியது. உதாரணம், மின்தூக்கி. செலவைக் குறைக்க, பழைய புளோக்குகளில் அது எல்லா மாடியிலும் நிற்காதபடி செய்திருந்தார்கள். சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் இறங்கி, ஒன்றிரண்டு மாடி நடந்துகொள்ள வேண்டியது. இளந்தம்பதிகளுக்கு அது உடற்பயிற்சி. அவர்கள் கிழவர்களான பிறகுதான், தம்பதிகளுக்கு வயதாகும் என்ற விவரம் வரைபடத்தில் விடுபட்டது தெரிந்தது. 2001 முதல் புளோக் புளோக்காக மாடிதோறும் மின்தூக்கி நிற்க ஏற்பாடு செய்தார்கள்.

மின்தூக்கிக்கு இன்னொரு துயரமும் இருந்தது. சிலர் அதைக் கழிப்பறையாகவும் கருதினார்கள். 1980களில் கழகம் அதற்கும் ஒரு கருவி கண்டது. தரையில் சிறுநீரை மோப்பம் பிடித்தால் அபாயச் சங்கு ஊதும், கதவு பூட்டிக்கொள்ளும், காவலர் வந்துதான் திறப்பார். ஒரு பயன்பாட்டுக்குக் கட்டியதை இன்னொரு பயன்பாட்டுக்கும் மக்கள் எடுத்துக்கொள்வதைக் கழகம் இவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான். நானும் இதில் கழகத்தின் கட்சி.

இதே காலத்தில் தெருவோரம் வண்டி போட்டுச் சமைத்தவர்களை எல்லாம் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். 1986-இல் அந்த வேலை முடிந்தது. புளோக்குக்குக் கீழே நாசி லெமாக்கும் தோசையும் மீன்தலைக் கறியும் கிடைக்கையில், மேலே கழகம் பார்த்துப் பார்த்துக் கட்டிய சமையலறையில் என்ன நடக்கும்? வெந்நீர் கொதிக்கும்.

வாழ்க்கை மாறினால் வீடு மாற வேண்டும் என்பார்கள். சிங்கப்பூரில் வாழ்க்கை எப்படி மாற வேண்டும் என்பதையும் அரசே அறிவித்தது. 1972-இல் இரண்டு பிள்ளையோடு நிறுத்தச் சொன்னார்கள். பெரிய குடும்பத்துக்கு வீட்டு ஒதுக்கீட்டில் இருந்த முன்னுரிமையும் போயிற்று. மக்கள் சொன்னபடி கேட்டார்கள், கொஞ்சம் கூடுதலாகவே. பதறிப்போய், 1987-இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறச் சொன்னார்கள். மூன்றாவது பிள்ளை பிறந்தால் பெரிய வீட்டுக்கு மாற முன்னுரிமை. மூன்றாவதாகப் பிறந்தவனுக்குத் தான் பாசத்தால் வந்தவனா, கூடுதல் படுக்கையறைக்காக வந்தவனா என்ற சந்தேகம் ஆயுசுக்கும் தீராது.

கல்யாணமும் தப்பவில்லை. வீவக வீடு குடும்பத்துக்கு. எனவே சிங்கப்பூர்க் காதலன் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவதில்லை, “வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா?” என்று கேட்கிறான். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கிறது, சிரித்துவிட்டுப் போய் விண்ணப்பிக்கிறது. தனியாக இருப்பவர்களுக்கு 1991-இல் கதவு திறந்தது. வயது 35 ஆகியிருக்க வேண்டும்; கைமாறும் பழைய வீடுதான் வாங்கலாம். புது வீட்டுக்கு 2013 வரை காத்திருந்தார்கள். அதற்குள் சிலருக்குப் பொறுமை போய்க் கல்யாணமே ஆகிவிட்டது.

1989-இல் ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தவர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. இலை போட்டு ஊரைப் பிரித்த ராஃபிள்ஸின் பந்தியை 167 ஆண்டு கழித்துக் கலைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குப் பொங்கல் கிண்ணம் போனதும், அதே கிண்ணம் நோன்புப் பெருநாளன்று ரெண்டாங் கறியோடு திரும்பியதும் விதியால் நடந்ததில்லை. வீட்டுக்கு வெளியே இருந்த பொது நடையால் நடந்தது. அந்த நடையில்தான் கோலம், செருப்புக் கூட்டம், மணி பிளான்ட், மிதிவண்டி எல்லாம். தீ அவசரத்துக்கு 1.2 மீட்டர் வழி விடச் சொல்கிறார்கள். விட்டுவிட்டு மிச்சத்தில் வாழ்கிறோம். இடம் போதாதவர் கீழே இறங்கி, புல்வெளியோரம் கறிவேப்பிலைக் கன்று ஊன்றிவிடுவார். அது யார் நட்டது என்று விசாரணை வந்தால் புளோக்கில் ஒருவருக்கும் தெரியாது. குழம்பு வைக்கும் நாளில் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

கடைசிக் காட்சி, அட்மிரல்டி. 2018-இல் அங்கே ஒரு கட்டடத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். கீழே ஊர் கூடும் திடல், அதன்மேல் உணவங்காடி, அதற்கும் மேல் மருத்துவ நிலையம், குழந்தைகள் காப்பகம், முதியோர் கூடும் இடம், முதியவர்களுக்கென்று 104 சிறிய வீடுகள், கூரைமேல் காய்கறித் தோட்டம். அந்த ஆண்டின் உலகின் சிறந்த கட்டடம் என்று ஆம்ஸ்டர்டாமில் பரிசும் கொடுத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? கம்போங் அட்மிரல்டி. கம்போங் என்றால் கிராமம். நம்மவர்கள் சொல்லும் கம்பம். அறுபது ஆண்டு முன்னால் எதை இடித்துவிட்டு மக்களை மேலே ஏற்றினார்களோ, அதையே அடுக்கி, குளிரூட்டி, மின்தூக்கி வைத்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். இம்முறை மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது.

ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் மண்புழு தேடிய பிள்ளைகளுக்கு இப்போது அங்கே குடிபோகும் வயதுதான். கூரைத் தோட்டத்து மண்ணைக் கிளறினால் புழுவும் கிடைக்கும். வாத்துக்குத்தான் இடமில்லை. வீவக வீட்டில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது, வீட்டுக்கு இரண்டு என்ற கணக்கில். பன்றி இன்னும் முதல் படியில் நிற்கிறது.