படத்தை வைத்து டி.வி. பார்ப்பவன்

வீட்டில் டி.வி. பார்ப்பவர்கள் இரண்டு வகை. டி.வி.யில் படம் பார்ப்பவர்கள் ஒரு வகை. படத்தை வைத்து டி.வி.யைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. கதாநாயகி அழுதால் முதல் வகைக்காரர்களுக்குக் கண் கலங்கும். எனக்கோ அந்தக் கண்ணீர்த்துளியின் ஓரம் பிசிறடிக்கிறதா இல்லையா என்பதுதான் கவலை.

எங்கள் கூட்டத்தை அடையாளம் காண்பது சுலபம். எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டோம். மழைக் காட்சி, இருட்டறையில் ஒற்றை மெழுகுவத்தி எரியும் காட்சி, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகும் காட்சி, இவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்போம். ஹெலிகாப்டரில் வந்தது வில்லனா, போலீஸா என்று கேட்டால் முழிப்போம். எந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம்.

எங்களுக்கும் ஒரு பரம்பரை உண்டு. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் மொட்டை மாடிகளில் அலுமினிய ஆன்டெனாக்கள் முளைத்தன. சாலிடேர், டயனோரா டி.வி.க்கள் கூடத்தில் மரக் கதவு சாத்திப் பூட்டு போட்டு உட்கார்ந்திருந்த காலம். வீட்டுக்கு ஒருவருக்கு ஆன்டெனா திருப்பும் உத்தியோகம் இருந்தது.

"தெரியுதா?" மாடியிலிருந்து அவர் கத்துவார்.

"தெரியல!"

"இப்ப?"

"ஆங், தெரியுது, தெரியுது... அய்யோ, போச்சு!"

தென் மாவட்டங்களில் இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்பதற்கென்றே இன்னும் உயரமாகக் கம்பம் நட்டவர்கள் உண்டு. ஆன்டெனா திருப்பிய அந்த மனிதர்களுக்கு வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி என்பது பெரும்பாலும் ஒலிதான். அதுவும் மாடிவரை எட்டினால் உண்டு. ஆனால் தெருவிலேயே நம் வீட்டில்தான் படம் தெளிவு என்கிற பெருமை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவர்களுடைய வாரிசுகள்தான் நாங்கள். ஆன்டெனா போய் செட்டிங்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களை வளர்த்துவிடுவது ஷோரூம்கள். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க டி.வி. எல்லாவற்றிலும் தண்ணீரில் விழும் ஸ்ட்ராபெர்ரி, மெதுவாக இறக்கை விரிக்கும் கிளி. கடையின் வெளிச்சத்தைத் தோற்கடிப்பதற்காகவே வண்ணத்தையும் பளபளப்பையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்கு 'விவிட்' என்று பெயர். வீட்டுக்கு வந்து அதே செட்டிங்கில் செய்தி பார்த்தால், வாசிப்பவர் முகத்தில் அரை கிலோ மஞ்சள் பூசியிருப்பார்.

விற்பனைக்காரத் தம்பி ஆரம்பிப்பார். "சார், இது 4கே. எச்.டி.ஆர். இருக்கு, டால்பி விஷன் இருக்கு, அட்மாஸ் இருக்கு. பட்ஜெட் இருந்தா 8கே போயிடுங்க சார், ஃப்யூச்சர்ல கவலையே வேணாம்."

அவருக்கு நான் கணக்குச் சொல்வேன். 4கே என்றால் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160. மொத்தம் ஏறக்குறைய 83 லட்சம். 8கே-யில் அதைப் போல நான்கு மடங்கு, 3 கோடிக்கு மேல். திரையில் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். கண்ணை யார் மாற்றித் தருவது? 55 அங்குல 4கே திரையில் ஒவ்வொரு புள்ளியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், சாதாரணக் கண் உள்ளவர் மூன்றரை அடி தூரத்தில் உட்கார வேண்டும். "கண்ணு கெட்டுப் போயிடும், தள்ளி உக்காருடா" என்று அம்மா அடித்து விரட்டினாளே, கிட்டத்தட்ட அந்த இடம். நம் கூடங்களில் சோபா இருப்பது ஒன்பது பத்து அடி தள்ளி. அங்கிருந்து பார்த்தால் பழைய ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்குமே வித்தியாசம் சொல்வது கஷ்டம். 8கே வாங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நியாயம் செய்ய நினைத்தால் டி.வி.யை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுரலாமா சார்?" என்பார்.

டி.வி. வீட்டுக்கு வந்து சுவரில் ஏறியதும் அடுத்த உண்மை தெரியவரும். வசனம் கேட்காது. டி.வி. இளைத்ததில் ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை. கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ தள்ளிவிட்டார்கள். கதாநாயகன் உருகி உருகிப் பேசுவதெல்லாம் சுவருக்குத்தான் கேட்கிறது. நாம் சவுண்டைக் கூட்டுவோம்; உடனே பாட்டு வரும்; கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவார். ஆக, முகத்துக்கு நேரே சத்தம் போட்டுக்கொண்டிருந்த குண்டு டி.வி.யைக் கொடுத்துவிட்டு, ஒல்லி டி.வி. வாங்கி, அதன் சத்தத்தைத் தனியே சவுண்ட்பார் என்று இன்னொரு விலை கொடுத்து வாங்குகிறோம்.

சவுண்ட்பாரை மாட்ட எச்.டி.எம்.ஐ. கேபிள் வேண்டும். ஏழு கம்பெனிகள் கூடி 2002-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. படம், சத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே வயர். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் அதில் தங்க முலாம் பூசியது, பூசாதது என்று ஜாதி பிரித்து வைத்திருப்பார்கள். உள்ளே ஓடுவது வெறும் பூஜ்யமும் ஒன்றும். தங்கத்தில் ஓடினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். சவரன் விற்கிற விலையில் அதைக் காதில் போட்டுக்கொண்டாலாவது நாலு பேர் பார்ப்பார்கள்.

இந்தக் கேபிளை எந்த ஓட்டையில் செருகுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. டி.வி.யின் பின்னால் மூன்று நான்கு ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'ஆர்க்' என்று எழுதியிருக்கும். ஒருவழிப் பாதையில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் எதிர்த்திசையில் வர அனுமதி கொடுத்ததுதான் ஆர்க். படம் உள்ளே போகிற வயரிலேயே டி.வி.யின் சத்தம் வெளியே சவுண்ட்பாருக்கு வரும். கறுப்புப் பிளாஸ்டிக்கில், கறுப்பு எழுத்தில், எறும்பு படிக்கிற அளவில் அதைப் பொறித்திருப்பார்கள். டி.வி.க்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அதில் கன்னத்தைச் சுவரோடு அழுத்தி, டார்ச் போட்ட போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் நான் தேடும்போதுதான் மனைவி கேட்பாள்: "ஏங்க, படம் எப்ப ஆரம்பிக்கும்?"

அடுத்தது ரிமோட் பிரச்சினை. டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று. பாலிதீன் உறை மாட்டி, தொடையில் நாலு தட்டுத் தட்டி, பாட்டரியைக் கட்டைவிரலால் உருட்டி நாம் காப்பாற்றி வந்த ஒற்றை ரிமோட் இன்று பெரிய குடும்பமாகிவிட்டது. இதற்கும் கம்பெனிகள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. எச்.டி.எம்.ஐ. வயருக்குள் இருக்கும் 13-ஆவது கம்பி வழியாகப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சி.இ.சி. என்று பெயர். ஒன்றை அணைத்தால் எல்லாம் அணைய வேண்டும். சாம்சங் இதை அனிநெட் பிளஸ் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, எல்.ஜி. சிம்ப்லிங்க் என்கிறது. வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளை ஒரே வீட்டில் வைத்தால் பேச்சுவார்த்தை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ராத்திரி சவுண்ட்பாரை அணைத்தால் டி.வி. அணையும், டி.வி. அணைந்ததைப் பார்த்து செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொள்ளும். அது விழித்ததும் டி.வி.யையும் எழுப்பும். அம்மா பக்கத்தில் வந்து சுவிட்ச் போர்டில் டப்பென்று மெயினை அணைத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு கட்டளைக்கு எல்லாக் கம்பெனியும் கட்டுப்படுகிறது.

ரிமோட் இத்தனை சிக்கலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1956-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி ஸ்பேஸ் கமாண்ட் என்று ஒரு ரிமோட் விற்றது. அதில் பாட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைக் கேட்டு டி.வி. சேனல் மாற்றும். அதற்கு முந்தைய வருடம் அதே கம்பெனி விட்ட ஃபிளாஷ்மேட்டிக், துப்பாக்கி வடிவத்தில் டார்ச் அடித்துச் சேனல் மாற்றுவது. ஜன்னல் வழியே வெயில் அடித்தாலும் அதன் டி.வி. சேனல் மாற்றிவிடும். சூரிய பகவான் தனக்குப் பிடித்த நிகழ்ச்சியைப் பார்த்த காலம் அது. இப்போதுள்ள ரிமோட்டோ, பாட்டரி மாற்றினால் "டி.வி.யோடு மறுபடி இணை" என்று அடம் பிடிக்கிறது.

என் மானம் போகும் இடம் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. புது டி.வி.க்கு அது போதவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே தானே சில படங்களைக் கற்பனை செய்து செருகி வழவழப்பாக்குகிறது. கேமராமேன் எடுக்காத காட்சியை டி.வி. எடுக்கிறது. விளைவு, கோடிகள் கொட்டி எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும். 2018-இல் ஹாலிவுட் நடிகர் டாம் க்ரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "தயவுசெய்து இதை அணைத்துவிட்டு எங்கள் படத்தைப் பாருங்கள்" என்கிற பொருளில் வீடியோவே போட்டார். விமானத்தில் தொங்கியவர், மாடி விட்டு மாடி தாவியவர். அவரே கெஞ்சிக் கேட்கிற அளவுக்கு விஷயம் முற்றியது. அடுத்த வருடமே, எடுத்தது எடுத்தபடி காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்பதை அறிவித்தார்கள்.

அதை எங்கள் வீட்டில் போட்டேன். மாமனார் ஐந்து நிமிடம் பார்த்தார். "மாப்ள, படம் என்ன மங்கலா ஓடுது? கேபிள்காரனுக்குப் போன் போடுங்க."

"மாமா, டைரக்டர் இப்படித்தான் எடுத்திருக்கார்."

"டைரக்டரு எப்படியாச்சும் எடுத்துட்டுப் போகட்டும். காசு கொடுத்து டி.வி. வாங்கினது நாம."

இந்த வாதத்துக்கு டாம் க்ரூஸிடமும் பதில் இருக்காது. இன்றுவரை எங்கள் வீட்டில் விவிட் ஆட்சியும் சினிமா ஆட்சியும் மாறி மாறி நடக்கின்றன. நான் ஆபீஸ் போனதும் கவிழ்ப்பு, திரும்பி வந்ததும் மீட்பு.

சரி, கருவியெல்லாம் தயார், படம் போடலாம் என்றால் அது எந்த ஆப்பில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாமனார் "எந்தச் சேனல்ல?" என்பார். போன மாதம் இருந்த ஆப்பில் இந்த மாதம் இல்லை. இருக்கும் ஆப்பில் நாம் சந்தா கட்டவில்லை. சந்தா கட்டிய ஆப்பில் கடவுச்சொல் மகனிடம் இருக்கிறது. மகன் டியூஷனில். ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கடவுச்சொல்லைப் போட்டு முடிப்பதற்குள், சாப்பாடு ஆறிவிட்டது என்ற அறிவிப்பு வரும்.

நாம் இப்படித் திண்டாடுவதை டி.வி. சும்மா பார்த்துக்கொண்டும் இல்லை, குறிப்பும் எடுக்கிறது. திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் புள்ளிகளை வைத்தே கண்டுபிடித்துக் கம்பெனிக்கு அனுப்பும் நுட்பம் பல ஸ்மார்ட் டி.வி.க்களில் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் 1 கோடியே 10 லட்சம் டி.வி.க்களில் இதைச் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட, விஸியோ கம்பெனி 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. என் டி.வி. யாருக்காவது தகவல் அனுப்பினால் அந்த ஆளை நினைத்துப் பரிதாபப்படுகிறேன். ஒரே மழைக் காட்சியையே திரும்பத் திரும்பப் பார்க்கும் இந்த மனிதனுக்கு எதை விற்பது? குடையா?

புதுசு எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். 'அவதார்' ஓடிய சூட்டில் 2010-இல் 3டி டி.வி.க்கள் வந்திறங்கின. இனிமேல் வீட்டுக்கு வீடு கண்ணாடிதான் என்றார்கள். 2017-இல் எல்.ஜி.யும் சோனியும் புது மாடல்களில் 3டி வைப்பதையே விட்டுவிட்டன. வளைந்த திரையும் அதே வழியில் போனது. கண்ணாடிகள் மட்டும் பல வீடுகளில் பீரோவுக்குள் இருக்கின்றன.

தொழில்நுட்பக்காரர்கள் புள்ளியை எண்ணுகிறார்கள், நிறத்தை எண்ணுகிறார்கள், ஸ்பீக்கரை எண்ணுகிறார்கள். சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து படம் ஓட எத்தனை நிமிடம் என்பதை மட்டும் எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. சாலிடேரில் திருகைத் திருகினால் படம் வந்தது. அந்தக் கணக்கில் நாம் முன்னேறவே இல்லை.

ஆகவே, டி.வி. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 4கே போதும், 8கே-க்குக் கொடுக்கும் பணத்தை நல்ல சவுண்ட்பாரில் போடுங்கள். முலாம் பார்க்காமல், 'சர்டிஃபைடு' என்று போட்ட சாதாரணக் கேபிள் வாங்குங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன்பே ஆர்க் ஓட்டையில் கேபிளைச் செருகிவிடுங்கள். உங்கள் கன்னம் பிழைக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது "பார்ப்பதைப் பகிரலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பெரியவர்களுக்கு விவிட் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், டாம் க்ரூஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசியாக ஒன்று. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது என்னைப் போன்ற ஓர் ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு செட்டிங் பாத்துட்டுத் தந்துடறேன்" என்று கை நீட்டினால், காபி கொடுங்கள். ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்.