வழியும் பத்மினி

கேள்வி: என் பழைய பிரீமியர் பத்மினியை ஸ்டார்ட் செய்தாலே கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது. புதுசுதான் மாட்ட வேண்டுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: அவசரப்படாதீர்கள். டாங்க்கின் துருத்தூள் ஒரு துளி நீடில் வால்வில் உட்கார்ந்தாலே பெட்ரோல் நிற்காது. அங்கே சுத்தமாக இருந்தால் மிதவையைக் கழற்றி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே 'களக் களக்' என்றால் ஓட்டை. மிதக்க வேண்டியதே மூழ்கினால் பெட்ரோலை யார் நிறுத்துவது? புது மிதவை, நீடில், கேஸ்கெட் போதும். ஜெட் அடைத்திருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குடைகிற மெக்கானிக் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பித்தளைத் துளை அகன்றால் வண்டி மொடாக்குடியனாகிவிடும். வேலை முடியும்வரை பானெட் பக்கம் பீடி, சிகரெட் கூடாது. பிடிப்பவர் மாமனாராகவே இருந்தாலும்!