சோப்புக்கு ஏழு சட்டை

முந்தாநாள் வந்த சோப்பை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வடவள்ளியில் கையால் சோப்பு செய்கிற சின்னப் பட்டறையிலிருந்து சாய்பாபா காலனிக்கு டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். அதற்கு அட்டைப்பெட்டி, உள்ளே தேன்கூடு போலக் கீறிய பழுப்புத் தாள், அதற்குள் தென்னை நார். என் மாமனார் ஊர் பொள்ளாச்சி. என்னிடம் காசு வாங்கிக்கொண்டு நார் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இத்தனைக்கும் மேலே, மழையில் நனையாமலிருக்க, கூரியர்காரரின் பிளாஸ்டிக் கவர்!

நாருக்கு அடியில் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்றபோது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. போயிருந்தால்தானே மீண்டும் வர? கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை, அதற்குள் 40 பை. எல்லாம் கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். எதை எங்கே கொண்டுபோகலாம் என்று அம்மாவிடம் சட்டமே உண்டு. பெரியப்பா வீட்டுப் பை உழவர் சந்தைக்கு ஆகாது. நமக்கு மொய் குறைத்தவர்கள் பை கறிக்கடைக்கு. விவாகரத்தான ஜோடியின் பை, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ரேஷன் கடைக்கு மட்டும். ஒருநாள் திருப்ப மறந்து பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் அந்தப் பெண்ணின் சித்தப்பா. காந்திபுரம் வரை பையின் மேலேயே உட்கார்ந்து வந்தேன். உள்ளே இரண்டு கிலோ தக்காளி.

பிளாஸ்டிக் கதையும் இதேதான். 2019 ஜனவரி 1 அன்று 14 வகைக்குத் தடை வந்ததும், இனிமேல் கிடைக்காதாமே என்று வீட்டிலிருந்த கேரி பேக்கையெல்லாம் மடித்துப் பரணில் ஏற்றியவர் அம்மா.

பைக்குள் ஓர் அட்டை. பூமியைக் காப்பாற்றியதற்கு எனக்கு நன்றியாம். அட்டையை நட்டால் துளசி முளைக்குமாம். போன தடவை நட்டதில் அருகம்புல்தான் வந்தது. என் அப்பிச்சி மளிகைக்கடையில் அரைக்கிலோ சர்க்கரையை ஒரே தாளில் மடித்து, நூல் சுற்றி, சுண்டி அறுத்துக் கொடுப்பார். பூமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சில்லறை இருக்கா என்பதோடு சரி.

சோப்பு எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சுற்றிய தாளின் மேல் சணல், நாலு முடிச்சு. கத்தரியைக் கேட்டேன்.

“ஏனுங்க, நல்ல சணலுங்க. வெட்டிப் போடாதீங்க, மெல்ல அவுருங்க” என்றாள் மனைவி.

இரண்டு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. குளியல் பழைய சோப்பில்தான்.